முதல் கல்லின் முதுகு

ஒட்டி முடித்த கல்லை அப்போதே உரிக்கிறாள். ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, சரிதான் என்று அவளே தலையாட்டிய பிறகுதான் இந்தக் கூத்து. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான டைல்ஸ் கல். கண்ணாடி தூக்குகிறவர்கள் வைத்திருக்கும், உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கைப்பிடியை அதன்மேல் அழுத்தி, சுவரில் ஒரு காலை உதைத்துக்கொண்டு இழுக்கிறாள். கல் முரண்டு பிடித்துக்கொண்டு வருகிறது. திருப்பி முதுகைப் பார்க்கிறாள். மூலை வரைக்கும் பசை பிடித்திருந்தால்தான் அடுத்த கல்.

எந்தச் சுவரானாலும் முதல் கல்லுக்கு இந்த மரியாதை உண்டு. "ஏம்மா, உனக்கு ஒட்டுறதுக்குக் கூலியா, உரிக்கிறதுக்குக் கூலியா?" என்று மற்ற கொத்தனார்கள் கேலி செய்வார்கள். "ரெண்டுக்கும் சேத்துத்தான்" என்பாள். பிடித்தால் விடமாட்டாள் என்பதால் புருஷன் வைத்த பெயர் உடும்பு. தொழிலைச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அதை நாளுக்கு இரண்டு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவள் பையில் பசையை வரிவரியாக இழுக்கும் பல் வைத்த கரண்டிகள் துணி சுற்றிக் கிடக்கும். சின்னக் கல்லுக்குச் சின்னப் பல். பெரிய கல்லுக்குச் சுண்டுவிரல் அகலத்துக்குப் பல். பெரிய கல் எப்போதும் லேசாக வளைந்திருக்கும், பசை வரி மெல்லியதாக இருந்தால் அதன் நடு வயிற்றை எட்டாது. "கல்லப் பாத்துக் கரண்டி எடு. கைக்குச் சுகமா இருக்குன்னு எடுக்காத." இதுவும் புருஷன் சொல்லிக் கொடுத்ததுதான்.

அன்று வேலை ஒரு குழந்தைகள் காப்பகத்தில். பக்கத்து அறைத் தரையை முடித்துவிட்டு வந்தவள், பிள்ளைகள் கை கழுவும் சுவரை விரல் முட்டியால் தட்டினாள். காலையில் புருஷன் ஒட்டிய சுவர். வெறும் பானையைத் தட்டியதுபோல் கேட்டது. பசை வாளியில் சின்னப் பல் கரண்டி நின்றுகொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"எல்லாம் புடிச்சிருக்கும். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவள் முழங்கால் உயரக் கைகழுவும் தொட்டிக்கு முன்னால் குந்தி, ஒரு பிள்ளையின் உயரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தாள். மேலே இருந்த கல் நேராக அவள் தலைக்குத்தான் வரும். எழுந்து கைப்பிடியை வைத்து இழுத்தாள். உதைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. முதுகில் அங்கங்கே நாலு கோடு, வழுக்கைத் தலையைச் சீவிவிட்டதுபோல்.

அவர் கல்லைப் பார்க்கவில்லை. தன் வலது மணிக்கட்டைப் பார்த்தார். "பெரிய கரண்டிய இழுக்க முடியல. வீங்கிக் கிடக்கு. சொன்னா நீ வேலைக்கு விடமாட்டே."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "சண்டைய வீட்ல போய் வச்சுக்கலாம். இப்ப இதக் கழட்டுங்க."

"மொத்தத்தையுமா?"

"மொத்தத்தையும்தான். ஒரு கல்லுகூட நிக்கக் கூடாது."

கழற்றினார்கள். காய்ந்ததைச் சுரண்டினார்கள். பெரிய பல் கரண்டியை அவள் எடுத்தாள். சுவரில் பசையை அப்பி, குறுக்கும் நெடுக்குமாக இல்லாமல் ஒரே திசையில் வரி இழுத்தாள். கல்லின் முதுகிலும் ஒரு பூச்சு. ரசமட்டம் அவருடைய இடது கையில் இருந்தது. "மேல தூக்கு... ஆங், விடு." மட்டம் பார்க்க அவர் கண்ணுக்கு இணை இன்றைக்கும் கிடையாது.

முதல் கல் உட்கார்ந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது. அவள் அடுத்த கல்லுக்குப் பசை அள்ளினாள்.

"சீக்கிரம் புடிங்க. டாக்டர் கிளம்புறதுக்குள்ள கையக் காட்டணும்."

"இரு" என்றார்.

இடது கையால் ரப்பர்க் கைப்பிடியை எடுத்து, இப்போதுதான் ஒட்டிய அந்தக் கல்லின்மேல் வைத்து அழுத்தினார். ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, அவளும் வந்து பிடிப்பதற்காகப் பாதிக் கைப்பிடியை விட்டுவைத்தார்.