பென் திரே ஊர் மருமகள்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் தோப்புக்கும் செங்கோட்டையன் மாமாவின் தோப்புக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். அவர் மகன் கதிர்வேல் பனியன் கம்பெனி வேலையாக வியட்நாம் போனான். சில வருஷம் கழித்து, அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் கட்டி அழைத்து வந்துவிட்டான். அவள் பெயர் மை. அவர்கள் பாஷையில் அது ஏதோ மஞ்சள் பூவின் பெயராம். கதிர்வேலின் அம்மா பழனாத்தாளுக்கு அந்தப் பெயர் சரிப்படவில்லை.

"கண்ணுக்குப் பூசற மையாட்டம் இருக்குது. நான் மயிலுன்னே கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டார்.

மையின் சொந்த ஊர் பென் திரே. அங்கேயும் தென்னைதானாம். ஆனால் மரவரிசைக்கு நடுவே வாய்க்கால் ஓடும், பறித்த காயைத் தண்ணீரில் மிதக்கவிட்டே இழுத்துப் போவார்கள் என்று அவள் சொன்னபோது மாமா சிரித்தார். "அத்தன தண்ணி இருந்தா நான் எதுக்கம்மணி ஆயிரம் அடிக்கு போர் போடறேன்?"

மருமகள் கொண்டுவந்த மீன் சாற்று பாட்டிலின் வாடை பொறுக்காமல் பழனாத்தாள் அதை மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார். மசக்கையில் எதுவும் இறங்காமல் மை சுருண்டு கிடந்த நாளில், அவரே போய் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தார். "இந்தக் கருவாட்டுத் தண்ணியவாச்சும் ஊத்தித் தின்னு கண்ணு." அப்படித்தான் அந்த வீட்டில் நாட்கள் போயின. மை தமிழ் கற்றாள். எங்களைவிட அதிகமாகவே 'ங்க' போட்டுப் பேசினாள். ஹர்ஷிணி பிறந்தாள்.

குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் மோட்டார் ரூமுக்குப் போன கதிர்வேல், ஈரச் சுவரிலேயே கரண்ட் அடித்துச் செத்துப்போனான்.

எழவு வீட்டில் மை ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்துத் தன் நெற்றியிலும் குழந்தையின் நெற்றியிலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்த பழனாத்தாள் தலையைத் தூக்கி, "அவ ஊரு மொற அது. உடுங்க" என்றார். 

அந்த வருஷம் முடிவதற்குள் பென் திரேயிலிருந்து போன் வந்தது. மையின் அம்மாவுக்குப் புற்று, முற்றிவிட்டது. மை குழந்தையோடு போகத்தான் ஏற்பாடு செய்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"நீ போயிட்டு வா. புள்ள இங்கயே இருக்கட்டும்" என்றார் பழனாத்தாள்.

"எங்கம்மா இவள நேர்ல பாத்ததே இல்லீங்கத்தை."

"சீக்காளி ஊட்டுக்குப் பச்சப்புள்ளயக் கூட்டிட்டுப் போவாங்களா?"

"பாத்துக்குவேனுங்க."

பழனாத்தாள் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ அங்கயே இருந்துபோட்டா? எம்பையன் சாடைய நான் எங்க போயிப் பாப்பேன்?"

மை, மாமாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குழந்தையின் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு மாமாதான் காரில் கூட்டிப் போனார். குழந்தை வாசலில் நின்று டாட்டா காட்டியது.

சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் போனாள். ஆனால் அம்மாவின் உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தது. தினமும் வீடியோவில் பேசுவாள். போனை வைத்ததும் ஹர்ஷிணி அழத் தொடங்குவாள். நாள் முழுக்கச் சோறு இறங்காது. "பேசுனாத்தான் ஏங்குது" என்று பழனாத்தாள் போனைக் குழந்தை கண்ணில் காட்டுவதை விட்டுவிட்டார். மை கூப்பிடும்போதெல்லாம், "தூங்கறா கண்ணு", "வெளையாடறா கண்ணு" என்பார். பொய் சொல்ல வேண்டுமென்று சொன்னதில்லை. குழந்தை அழுவதை அவரால் பார்க்க முடியவில்லை. அது எனக்கும் தெரியும்.

அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு மை திரும்பியபோது நாலு மாதம் ஓடியிருந்தது. காரிலிருந்து இறங்கியதும் பையைக்கூட எடுக்காமல் மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். ஹர்ஷிணி, பழனாத்தாளின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அப்பத்தா, அந்தக்கா யாரு?"

மை நீட்டிய கைகளை மடக்கவே இல்லை. நான்தான் போய் அவளைத் தூக்கி நிறுத்தினேன்.

அதற்கப்புறம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மை சோறு ஊட்டினால் குழந்தை வாயை இறுக்கிக்கொள்ளும். குளிக்கவைக்கப் போனால் அலறும். தன் பாஷையில் அவள் கொஞ்சினால் விழித்துப் பார்க்கும். எதற்கெடுத்தாலும் அப்பத்தாதான். பழனாத்தாளுக்கு உள்ளூர அது பெருமையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. ஒரு நாள் காலை அவர் பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்றேன்.

"வெள்ளகோவில்ல எம்புள்ள ஊட்டுக்கு. நான் கண்ணுல பட்டுட்டு இருந்தா அது அவகிட்டப் போவாது." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாஞ் செஞ்சுபோட்டது. நாந்தான் வெலகோணும்."

தை மாதம் மகள் லோகப்பிரியாவின் வீட்டுக்குப் போனவர் பங்குனி வரைக்கும் திரும்பவில்லை. வீட்டுக்குப் போன் பண்ணினால் தன் குரல் குழந்தை காதில் விழுந்துவிடும் என்று என்னைத்தான் கூப்பிடுவார். "சாப்புட்டாளா? அழுதாளா? அவகிட்டப் போறாளா?" முதல் வாரம் முழுக்க நான் பொய்தான் சொன்னேன். குழந்தை வாசலில் உட்கார்ந்து அப்பத்தாவுக்காகத் தேம்பிக்கொண்டிருந்தது. மை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்லத்தான் அவள் கையில் வாங்கித் தின்றது. பிறகு ஒரு மத்தியானம் காய்ச்சலோடு தானாகவே வந்து அவள் மடியில் படுத்தது. அதைச் சொன்னபோது, "செரி கண்ணு" என்று வைத்துவிட்டார்.

அவர் திரும்பி வந்த நாலைந்து நாளில் ஒரு சாயங்காலம், அவர்கள் களத்திலிருந்து பெரிய ஓலம் கேட்டது. கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். நாலு பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். பழனாத்தாள் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காமல், ராகம் போட்டு அழுதுகொண்டிருந்தார். மை அவர் தோளைப் பிடித்திருந்தாள். அவளும் அழுதாள்.

"ஏனுங்க, யாரு தவறிப் போனாங்க?" என்று மாமாவைக் கேட்டேன்.

"சம்பந்தியம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தம்மா போய்ச் சேர்ந்து மாதங்கள் ஆகிவிட்டனவே. மாமா என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார். காய் உரித்துக்கொண்டிருக்கும்போது, உங்கம்மா கடைசியா என்ன சொன்னாங்க என்று பழனாத்தாள் கேட்டிருக்கிறார். அதுவரைக்கும் அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"புள்ள எங்கேன்னு கேட்டாங்க அத்தை. வெளிய வெளையாடறான்னு சொன்னேனுங்க" என்றாளாம் மை.

இருட்டும்வரை அந்த அழுகை ஓயவில்லை. நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத சம்பந்தியை, "எந்தாயே, எந்தங்கமே" என்று பெயர் தெரியாமலே கூப்பிட்டுக்கொண்டிருந்தார் பழனாத்தாள். வந்திருந்த பெண்கள், எழவுக்கு உட்காருவதுபோல் அவரைச் சுற்றி ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.