நிற்கத் தெரியாதவன் பழக்கிய நாய்

புஜைரா சந்தையில் கோழிக்கடைக்காரர் காடைக் கூண்டுகளைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். நனைந்த இறகும் புளித்த தீவனமும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் வலது கை தானாக இறுக மூடிக்கொண்டது. கையில் கயிறு இல்லை. ஆனாலும் உள்ளங்கை எரிந்தது. எதிரே வந்த ஆள் ஒதுங்கிப் போனார். வெறும் தரையைப் பார்த்து நான் "டேய், நில்லுடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

அந்தக் கயிற்றின் மறுமுனையில் ஒரு காலத்தில் ஒரு நாய் இருந்தது.

மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் அப்போது எனக்கு வேலை. பேரீச்சைக்குத் தண்ணீர் விடுவது, ஆடுகளைப் பார்ப்பது. ஒரு வெள்ளிக்கிழமை கஃபீல், அதாவது எனக்கு விசா கொடுத்த முதலாளி, வண்டியிலிருந்து ஒரு நாய்க்குட்டியை இறக்கினார். எட்டு மாதம். வெள்ளை உடம்பில் ஈரல் நிறத் திட்டுகள், காதுகள் மட்டும் வேறு நாயிடம் கடன் வாங்கியதுபோல நீளம். பறவையின் வாசனை பட்டால் ஒரு முன்னங்காலை மடக்கி, வாலை நீட்டி, மூக்கால் இடத்தைக் காட்டி உறைந்து நிற்கும் சாதி. நாய் அப்படி நிற்க, ஆள் போய்ப் பறவையைக் கிளப்ப, கையிலிருந்து வல்லூறு பாயும். அதுவரை நாய் அசையக் கூடாது. நிற்பது அதன் ரத்தத்திலேயே இருக்கிறதாம். நின்றுகொண்டே இருப்பதைத்தான் பழக்க வேண்டுமாம்.

"நாய் நிற்கட்டும், நீ ஊருக்குப் போ" என்றார் கஃபீல், பாதி அரபியிலும் பாதி இந்தியிலும். "அதுவரை லீவ் மாஃபி."

லீவ் இல்லை. ஊரில் புது வீட்டுக்குக் கூரை போட்டு, வர்ணம் அடித்து, எல்லாம் முடிந்திருந்தது. நான் வராமல் பால் காய்ச்ச மாட்டேன் என்று மனைவி புது வீட்டுப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் சமைத்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் குறித்த நாள் போயிற்று. ஐப்பசியில் குறித்ததும் போயிற்று. மிச்சம் கார்த்திகைக் கடைசி முகூர்த்தம் ஒன்று. அதை விட்டால் மார்கழி ஆகாது, தை வரைக்கும் கொட்டகைதான்.

நிற்பதைப் பழக்க யாரைப் பிடித்தார்கள் பாருங்கள். ருவைஸில் இரண்டு வருடம், பஹ்ரைனில் ஈசா டவுனில் ஒன்றரை வருடம், பிறகு எண்ண மறந்த கேம்ப்புகள், கடைசியில் இங்கே. எந்தக் கேம்ப்பிலும் என் பெட்டியின் பூட்டு துருப்பிடித்ததில்லை. சோற்றைக்கூட நடந்துகொண்டே தின்கிறவன் நான். காற்றடித்தால் போதும், மணலைப்போல எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

விடியலில் ஆட்டுப் புல்லுக்குள் ஒரு காடையைச் சின்னக் கூண்டோடு ஒளித்துவைப்பேன். நீளக் கயிற்றில் நாயைக் கட்டி, காற்றுக்கு எதிராக நடத்திக்கொண்டு வருவேன். வாசனை எட்டியதும் அவன் நிற்பான். ஐயோ, அந்த நிற்பு! உடம்பு முழுக்க ஒரே கேள்வியாகி, காற்றில் ஆணியடித்து மாட்டியதுபோல நிற்பான். நான் மெதுவாகக் கிட்டே போய் முதுகைத் தடவி "நில்லு, நில்லு" என்பேன். எண்ணுவேன். பத்து. இருபது. பாய்ந்துவிடுவான். கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடும். அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. தூக்கிக்கொண்டு வந்து, நின்ற அதே இடத்தில், அதே நான்கு கால் தடங்களில் திரும்ப நிறுத்த வேண்டும். திரும்பப் பாய்வான். திரும்பத் தூக்குவேன். சூரியன் மலையைத் தாண்டி வருவதற்குள் இருபது கிலோ நாயைப் பதினைந்து முறை சுமந்திருப்பேன். அவன் என் காதை நக்குவான்.

வல்லூறு பார்த்துக்கொள்ளும் பெஷாவர்க்காரர் இதையெல்லாம் தேநீரோடு வேடிக்கை பார்ப்பார். "பாய், நாயை நீ பழக்கறியா, நாய் உன்னைப் பழக்குதா? கயித்துல கட்டுன ஆளுதான் ஓடுற மாதிரி தெரியுது" என்பார் இந்தியில்.

"உன் குருவிக்கு முதல்ல முக்காடைக் கழட்டு, அப்புறம் பேசு" என்பேன்.

"குருவியா! அதோட விலையில உன் ஊரையே வாங்கலாம்."

இரண்டு மாதம் இப்படியே. மனைவி போனில், "நாய் நின்னாத்தான் வருவீகளா?" என்றாள். "ரெண்டு காளைய ஒத்தைக் கையில புடிச்ச மனுசனுக்கு ஒரு நாய்க்குட்டிய நிறுத்த முடியலையாக்கும்?"

"காளைக்குப் புத்தி இருந்துச்சு" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். யாருக்குப் புத்தி இல்லை என்று சொன்னாள் என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு காலை அவன் நாற்பது வரை நின்றான். நாற்பத்தொன்று, இரண்டு. என் மூச்சும் அவன் மூச்சும் ஒரே நூலில் தொங்கின. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி டிரைவர் தூரத்தில் போனை வைக்கும்போது "யல்லா, யல்லா" என்றார். அம்பு போலப் பாய்ந்தான். கூண்டு உருண்டது. நான் முகம்குப்புற விழுந்தேன். எழுந்ததும் செருப்பைக் கழற்றி ஓங்கிவிட்டேன்.

அவன் ஓடவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு, சொன்னதைச் செய்த பிள்ளையின் முகத்தோடு, பாராட்டுக்குக் காத்திருந்தான்.

செருப்பு கையிலேயே இருந்தது. நின்றது போதும், இனிப் போகலாம் என்பதற்கு ஒரு சொல் வேண்டுமென்று முதல் நாளே நான்தான் ஒன்றைப் பழக்கியிருந்தேன். யோசிக்காமல் வாயில் வந்த சொல்: யல்லா. பதினாறு வருடமாக என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, சைட்டில் இறக்கிய சொல். வேறு எது வரும் என் வாயில்?

புல்லிலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பெஷாவர்க்காரர் வல்லூறைத் தூக்கும்போது யல்லா. டிரைவர் லாரியிடம் யல்லா. ஆட்டுப் பட்டியைத் திறக்கும்போது தினமும் யல்லா, யல்லா என்று கத்துகிறவன் வேறு யாருமில்லை, நான். இந்தத் தோட்டத்தில் சொன்ன சொல் கேட்டு நடந்தவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் இரண்டு மாதமாகத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

சொல்லே வேண்டாம் என்று முடிவு செய்தேன். தோளில் இரண்டு தட்டு. தட்டினால் போ, தட்டாவிட்டால் வானமே இடிந்தாலும் நில். பெஷாவர்க்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, எட்டுத் திசையிலிருந்தும் யல்லா என்று கத்தச் சொன்னேன். மனிதருக்குத் திருவிழா. பேரீச்சை மரத்துக்குப் பின்னாலிருந்து, தண்ணீர்த் தொட்டிமேலிருந்து, ஒருநாள் கழிவறைக்குள்ளிருந்துகூடக் கத்தினார். நாய் பாயும், நான் தூக்குவேன். பழகியதை மறக்கவைப்பது பழக்குவதைவிட இரண்டு மடங்கு சுமை. உள்ளங்கைத் தோல் உரிந்து, வளர்ந்து, திரும்ப உரிந்தது. முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலை, பெஷாவர்க்காரர் தொண்டை கட்டும்வரை கத்தியும் அவன் காது மட்டும்தான் ஆடியது.

அந்த வெள்ளிக்கிழமை கஃபீல் வந்தார். காடை ஒளிந்திருந்தது, நாய் நின்றான். பெஷாவர்க்காரர் போய்க் கூண்டைத் திறந்து கிளப்பினார், காடை எழுந்தது, கஃபீலின் கையிலிருந்து வல்லூறு பாய்ந்தது. தலைக்கு மேலே அத்தனையும் நடக்க, அவன் நின்ற இடத்தில் நின்றான். கஃபீல் கைதட்டினார். "உனக்கு டிக்கெட்" என்றார் என்னிடம். வேறு தேசத்தில் வேட்டைக் கேம்ப், நாய் இன்றே போகிறான் என்று வண்டியின் பின்கதவைத் திறந்து, அவனைப் பார்த்துச் சொன்னார்:

"யல்லா!"

அவன் அசையவில்லை.

"யல்லா, யல்லா!" கஃபீலின் டிரைவரும் கத்தினார். நாய் சிலை. கஃபீலின் முகம் மாறியது. "என்ன பண்ணி வச்சிருக்க? செவிடாயிட்டானா?" டிக்கெட், பால், வாசல் எல்லாம் ஒரு நொடி என் கண்முன்னே பொங்கி வழிந்தன. பெஷாவர்க்காரர் சிரிப்பை அடக்கத் தலைத்துணியை வாயில் திணித்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்த் தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன். இடுப்பு குலுங்க ஓடி, ஒரே தாவலில் வண்டிக்குள் ஏறினான். கம்பி வழியாக மூக்கை நீட்டினான். அதைக் கடைசியாக ஒருமுறை பிடித்துவிட்டேன். ஈரம், காடை வாடை.

வண்டி கிளம்பி, நான்கு அடி போய் நின்றது. கஃபீல் கண்ணாடியை இறக்கினார்.

"மாஃபி யல்லா?"

"மாஃபி யல்லா, அர்பாப்" என்றேன். "தொடணும். தொட்டாத்தான் போவான்."