பலி இல்லை, வலி

வங்காளத்துச் சால்ட் லேக்கில் எங்கள் எதிர்வீட்டு பௌதி, நம் பாஷையில் அண்ணி, ஒருநாள் காலையிலேயே வந்து நின்றாள். "திதி, என் வீட்டுக்காரருக்கு வேலூர்ல முதுகு ஆபரேஷன். பத்து நாள்தான் இருக்கு, எனக்குத் தமிழ் கத்துக்குடு" என்றாள், வங்காளத்தில். திதி என்றால் அக்கா. அங்கே கடைக்காரன்கூட வங்காளம் பேசுவான் என்றேன்.

"கடைக்காரனா அவருக்கு ஊசி போடப்போறான்?" என்றாள். தாளும் பேனாவும் எடுத்தேன்.

முப்பது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவள் நான். பட்டியல் போடாமல் எதுவும் ஓடாது. நூறு சொற்கள் எழுதிக் கொடுத்தேன். யானை, வானவில், கிணறு. மறுநாள் அவளுக்கு ஒன்றுகூட நினைவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் அசரவில்லை. தாளை என் கையிலேயே திணித்தாள். "யானையை வச்சு ஆஸ்பத்திரியில நான் என்ன பண்ண? அவர் நாள் முழுக்க என்ன சொல்றாரோ, அதைச் சொல்லு."

அப்புறம் பாடம் அவள் வீட்டில்தான். கணவர் கட்டிலை விட்டு எழும்போது 'மெதுவா'. தலையணை வைக்கும்போது 'இங்க'. தமிழில் கேட்டால்தான் தண்ணீர். பாவம், அந்த மனிதர் தாகத்திலேயே கற்றுக்கொண்டார். எந்தச் சொல்லும் மறக்கவில்லை. அடேயப்பா, என்ன கெட்டிக்காரி! வாத்தியார் நானா அவளா என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு சொல்தான் மக்கர் பண்ணியது, 'வலி'. வங்காளிகளின் வாயில் 'வ' நுழையாது, 'ப'தான். "இவருக்கு முதுகுல பலி" என்றாள். நான் சிரித்துவிட்டேன். "பௌதி, பலின்னா காளிக்குக் கொடுக்கறது. உங்க பாஷையிலும் அதேதானே!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. கட்டிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கத்திக்குப் போகப்போகிற மனிதரை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது? என் நாக்கில் சூடு போட வேண்டும்.

"கீழ் உதட்டை லேசாக் கடிச்சுக்கிட்டு ஊதுங்க" என்றேன் அவசரமாக. அவள் கடித்தாள். அவரும் கடித்தார். ஹௌராவில் ரயில் ஏறும்வரை இருவரும் ஊதிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, உஸ்ஸென்று காற்று மட்டும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு வந்தது பௌதியின் குரல் இல்லை, அவள் கணவருடைய குரல்.

"திதி... வ்வலி இல்ல."

கூடத்தில் நின்றபடியே அழுதுவிட்டேன்.