வசனம் இல்லாத வேஷம்

எங்கள் ஊரில் நாடகக் குழுவை சமிதி என்போம். எங்கள் சமிதியில் நாடகம் எழுதி முடிக்கும் முன்பே நோட்டீஸ் போய்விடும். வெளியாள் கேட்டால் சிரிப்பான். பாறசாலைப் பக்கம் நாடகம் போடுகிற ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். ஆடி மழை அடித்துக்கொண்டிருக்கும்போதே கோயில் கமிட்டியும் கிறிஸ்தவ சபைக் கமிட்டியும் திருவிழாவுக்கு நாள் கேட்டு போன் போட ஆரம்பித்துவிடும். அவர்களிடம் "இன்னும் எழுதல்ல" என்று சொல்ல முடியுமா? இந்த சீசனுக்கு மூன்று புது நாடகங்கள். மூன்றுக்கும் தலைப்பு வைத்து, நடிகர்கள் படம் போட்டு, நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் களியக்காவிளை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது. அன்றைக்கு என் கையில் இருந்தது ஒன்றரை நாடகம்.

நான் பகலில் நெய்யாற்றின்கரையில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிறவன். நிலத்துக்கு நான்கு எல்லையும் எழுதிப் பழகிய கை. அதனால் என் பாத்திரங்கள் வாயைத் திறந்தால் மூடாது. இயக்குநர் அண்ணன் பாதியை வெட்டி எறிவார். மேடையில் நாடகம் நடக்கும்போது பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான்.

நோட்டீஸின் நடுவில் பெரிய படம் அக்காவுடையது. சமிதியில் எல்லாருக்கும் அவர் அக்காதான். பெருங்கடவிளைக்காரி. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சமிதி தொடங்கிய நாள் முதல் அம்மா வேஷம் அவருக்குத்தான். கமிட்டிக்காரர்கள் நாடகத்தின் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். "அந்த அம்மா உண்டா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்த அக்காவுக்கு இந்த முறை பேச்சு வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். போன சீசனில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சபையின் ஆண்டு விழா. இரண்டாம் அங்கத்தில், வீட்டை விட்டுப் போகிற மகனை அம்மா தடுக்க வேண்டும். அக்கா வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. சும்மா நிற்கவில்லை அவர். கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடக்க ஆரம்பித்தார். ஒரு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு துவர்த்துத் துண்டு. கடைசியில் மகனாக நடித்த பையன் எதையோ உளறிக் காட்சியை நகர்த்தினான். சனம் கைதட்டியது. அண்ணன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"அக்காவுக்கு மறதி வந்தாச்சு" என்றார் அண்ணன். "பாவம், நாலு பேரு முன்ன அவிய கேவலப்படப்பிடாது. கட்டில்ல கெடக்கிய மாதிரி ஒரு அம்மைய எழுது. வசனம் வேண்டாம்." அவர் கண் கலங்கியிருந்தது. அக்கா மேல் அவருக்கு அத்தனை பிரியம்.

நான் சரி என்றேன். வெட்கங்கெட்டவன்! நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

எங்கள் நாடகங்களை இந்தப் பக்கம் மலையாளத்திலும் அந்தப் பக்கம் தமிழிலும் போடுவோம். மலையாளத்துக்குப் பழுப்பு அட்டை நோட்டு, தமிழுக்குப் பச்சை. அந்த நாடகத்தில் தமிழுக்காக இரண்டாம் அங்கத்தையே மாற்றி எழுதியிருந்தேன். அந்த விழாவுக்கு நான் அவசரத்தில் எடுத்துப்போனது பழுப்பு நோட்டு. அக்கா ஒரு கணம் தடுமாறி என் பக்கம் காதைச் சாய்த்தார். அதற்குத்தானே என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்? நான் பக்கத்தைப் புரட்டுகிறேன், புரட்டுகிறேன், அந்தக் காட்சியே அதில் இல்லை. சரி, எழுதியவன் நான்தானே, மனப்பாடமாகச் சொல்லலாமே என்றால், ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. எழுதினவனே மறந்துவிட்டான். மறதிக்காரப் பட்டம் அக்காவுக்கு.

முதல் வாரம் சொல்லியிருக்கலாம். பிறகு ஒவ்வொரு வாரமும் அது பெரிதாகிக்கொண்டே போயிற்று. வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு, பக்கவாதம் வந்து பேச்சுப்போன ஒரு அம்மாவையும் எழுதி முடித்தேன்.

பாறசாலையில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு வாடகை வீடு. அதில்தான் ஒத்திகைக் கேம்ப். முதல் நாள் விளக்கும் ஏற்றுவோம், ஜெபமும் உண்டு. அதன்பிறகு எழுதியவன் முழு நாடகத்தையும் ஒரே இருப்பில் வாசிக்க வேண்டும். யாருக்கு எந்த வேஷம் என்பது வாசித்து முடித்த பிறகுதான் தெரியும். இது எங்கள் வழக்கம். நான் வாசிக்க வாசிக்க அக்கா சிரிக்கிற இடத்தில் சிரித்தார், ஓரிடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மகள் வேஷத்தின் நீண்ட வசனம் வந்தபோது உதடு தானாக அசைந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வாசித்தேன்.

அண்ணன் வேஷப் பட்டியலைச் சொன்னார். கடைசியாக, "கட்டில்ல கெடக்கிய அம்மை, அக்கா" என்றார்.

"எனக்கு வசனம்?"

"வசனம் எதுக்கு அக்கா? மொத்த நாடகமும் ஒங்களச் சுத்தியாக்கும். ஒங்க மொகம் போதும்."

"மொகம் நோட்டீஸ்ல உண்டே தம்பி. பின்ன நான் எதுக்கு? அந்தப் போட்டோவ வெட்டி கட்டில்ல கெடத்து!"

கட்டன்சாயா கிளாசை ஜன்னலில் வைத்தார். குடையை எடுத்தார். "நான் வாறேன்" என்று வாசலில் இறங்கிச் செருப்பைத் தேடினார். மழை கொட்டுகிறது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் என் காதருகே குனிந்து, "மறதின்னு அவிய மொகத்துக்கு நேரா எப்பிடிடேய் சொல்ல?" என்றார். நாடகக்காரர் குரல், அடக்கிப் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

அக்கா திரும்பினார். "மறதியா? ஆருக்கு?"

அண்ணனிடம் கேட்ட கேள்வி. கண் இருந்தது என் மேல். கோபமான பார்வை என்றால் தாங்கியிருப்பேன். அது கோபமில்லை. அன்றைக்குப் படுதாப் பக்கம் காதைச் சாய்த்துக் காத்திருந்தாரே, அதே முகம்.

"அக்கா மறக்கல்ல" என்றேன். "நான் நோட்ட மாத்திக் கொண்டுபோனேன். வசனம் எடுத்துக் குடுக்க எனக்குத்தான் முடியல்ல." உட்கார்ந்திருந்த எட்டுப் பேர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எலே, இத்தன மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" அண்ணன் எழுந்தேவிட்டார்.

"அவன விடு தம்பி" என்றார் அக்கா. "எனக்கு அன்னைக்கே தெரியும். பழுப்பு அட்டைய நான் பாத்தேன். துணி மடக்குனது பின்ன எதுக்காக்கும்? இவன் பொரட்டித் தீரட்டும்னு."

"தெரிஞ்சுமா சொல்லல்ல?" என்று நான்தான் கேட்டேன்.

"சொன்னா தம்பி ஒன்ன படுதாப் பக்கத்துலேருந்து மாத்திப்போடுவான். பின்ன எனக்கு ஆரு எடுத்துத் தருவா?" குடையை மடக்கினார். "எனக்கும் இடைக்கிடைக்கு ஒரு வரி விட்டுப்போகும் மக்கா. இல்லேன்னு நான் சொல்லல்ல. நீ நோட்ட மாத்தினதுக்கு எனக்குக் கோவம் கெடையாது, கேட்டியா? எனக்க வாய அடச்சு ஒரு நாடகம் எழுதுனியே, அதாக்கும். போய் அந்த அம்மைக்கு வாய் குடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. அண்ணன் பட்டியலைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டார். மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தபோது நான் சாப்பிடப் போகவில்லை. பக்கவாதத்தை எடுத்துவிட்டேன். அந்த அம்மா கட்டிலை விட்டு எழுந்து, சண்டை போட ஆரம்பித்தாள். ஆறு பக்கம் ஆயிற்று.

அடுத்த நாள் காலை, தமிழ் ஒத்திகையில் இரண்டாம் காட்சி. மகளிடம் பேசிக்கொண்டே வந்த அக்கா பாதியில் நின்றார். அண்ணன் பேனாவை உருட்டுவதை நிறுத்தினார். அக்காவின் கை துணிக்குப் போகவில்லை. என் பக்கம் காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.

என் மடியில் பச்சை நோட்டு இருந்தது. வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டு மேலே பேசினார்.