மாவுக்கட்டுக்குள் திரும்பிய பாதங்கள்

என் தங்கை பிறந்தபோது அவளுடைய உள்ளங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. வலது கையில் பெருவிரல் இல்லை. முன்கை குட்டையாக உள்பக்கம் வளைந்திருந்தது. கிரகணத்தில் அம்மா காய் நறுக்கியதுதான் காரணம் என்று விராலிமலையில் எங்கள் தெருவே தீர்ப்புச் சொன்னது. அந்த வருஷம் கிரகணமே தெரியவில்லை என்று அப்பா சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் அம்மா குழந்தையோடு திருச்சி பஸ் ஏறினாள். எட்டு வயதுக்காரி நானும் ஒட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தங்கையின் பாதத்தைப் பிடித்து, மெல்ல மெல்ல வெளிப்பக்கம் திருப்பி, அந்த நிலையிலேயே மாவுக்கட்டுப் போட்டார். அடுத்த வாரம் அதை ஊறவைத்துப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடியும் கட்டு.

“எலும்பு ஒடைஞ்சிராதுங்களே?” என்று அம்மா நடுங்கினாள்.

“பச்சப்புள்ள எலும்பும்மா. நாம சொன்னாக் கேக்கும்.”

கேட்டது. ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் பாதம் கொஞ்சம் நேராகியிருக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். சாமி செய்ததை ஒரு மனுஷி திருத்திக்கொண்டிருந்தார்.

ஒன்றரை வயதில் தங்கை எழுந்து நின்றாள். பெருவிரல் இல்லாத கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே புளியங்கொட்டையைக் கவ்வி என்னிடம் நீட்டினாள். யாரும் சொல்லித் தரவில்லை.

நடப்பதைக் காட்ட அவளைக் கூட்டிப்போனோம். நான்கு எட்டு வைத்தாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தூக்கி, நெஞ்சில் குழாயை வைத்தார். வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை. பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசினார். இருதயத்திலும் ஒரு குறை, அதற்கு இங்கே வைத்தியமில்லை என்று அன்று அவர் சொன்னது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதன்பின் ஏழு வருஷம் தங்கை எங்களோடு இருந்தாள். அந்தக் கால்களாலேயே பள்ளிக்கூடத்துக்கும் போனாள்.

டாக்டரம்மா அதைச் சொன்ன அன்று, பஸ்ஸுக்காக வேப்பமரத்தடியில் நின்றபோது, அம்மா தங்கையின் நெஞ்சில் காதை வைத்து அப்படியே இருந்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து நானும் அடம்பிடித்துக் காதை வைத்தேன். துடிப்புக்கு நடுவே உஸ்ஸென்று ஒரு காற்று.

“உள்ள யாரோ ஊதுறாங்கம்மா!” என்று கத்தினேன். இப்படி ஒரு சத்தம் என் தங்கைக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. அம்மா மட்டும் ஏன் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டாள் என்று விளங்கவில்லை.