இருபத்தைந்தா, இருபத்தெட்டா

பாபநாசம் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. வீடு தஞ்சாவூரில். வாரத்தில் நான்கு நாள் சைக்கிளில் போய் வருகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் கால்களைப் பார்ப்பார்கள். பிறகு, "பெட்ரோல் விக்கிற விலைக்கு வேற வழி?" என்பார்கள். நான் மறுப்பதில்லை. வளைந்த கைப்பிடியும் மெலிந்த சக்கரமுமாக இருக்கும் பந்தய சைக்கிளை நாற்பத்தாறு வயதில் ஆசைப்பட்டு வாங்கினேன் என்பதைவிட அது கௌரவமான காரணம்.

அந்த சைக்கிளோடு வந்த டயர் இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலம். மழமழவென்று, கோடு கீடு எதுவும் இல்லாமல் இருக்கும். காற்றை நிறைய அடித்துவிட்டால் கல் மாதிரி ஆகிவிடும். நல்ல தார்ச்சாலையில் அதன் மேல் உட்கார்ந்து போவது பெரிய சுகம். எங்கள் பக்கத்தில் நல்ல தார்ச்சாலை என்றால், அதற்கு வேறொரு பயனும் உண்டு. அறுவடை ஆனதும் அதில் நெல் காயும்.

நெல்லை ரோட்டில் காயப்போடுவதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால் விவசாயிகள் எங்கேதான் போவார்கள்? பாதி ரோட்டை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்துவிடுவார்கள். மீதிப் பாதியில் பஸ், லாரி, நான். லாரிக்காரர் தேவைப்பட்டால் நெல்லின் மேல் ஏற்றிவிடுவார். நான் ஏற்ற மாட்டேன். நெல்லைக் காலால் மிதித்ததற்குச் சின்ன வயதில் முதுகில் அடி வாங்கியிருக்கிறேன். சைக்கிள் சக்கரமும் என் கால்தான் என்று எனக்குள் ஏதோ முடிவு செய்து வைத்திருக்கிறது. ஆகவே ஒதுங்குவேன். ஒதுங்கினால் மண். மண்ணில் சீமைக்கருவேல முள்.

போன குறுவை அறுவடையின்போது அப்படி ஒதுங்கியதில் சிதறிக் கிடந்த நெல்மணிகளில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். முழங்கையில் நாலு தையல். வீட்டுக்கு வந்ததும் மனைவி கையைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், உள்ளே போனாள். அவளுடைய தம்பி திருவிடைமருதூர் தாண்டி, ரோட்டில் காய்ந்த நெல்லின் மேல் பைக்கில் பிரேக் பிடித்து விழுந்து செத்துப்போனவன். பதினொரு வருஷம் ஆகிறது. பின்டயர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது என்று பைக்கைப் பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து மனைவி வெளியே வந்து சொன்னாள்.

"இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா சைக்கிளை வித்துடணும். சரின்னு சொல்லுங்க."

"சரி" என்றேன். அந்த நேரத்தில் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது.

ஆக, சைக்கிள் என்னிடம் இருப்பதும் போவதும் இனி டயரைப் பொறுத்தது என்று ஆயிற்று. ஒரு மாதம் டயர்களைப் பற்றிப் படித்தேன். அலுவலகக் கோப்புகளை இவ்வளவு சிரத்தையாகப் படித்திருந்தால் இந்நேரம் பதவி உயர்வு வந்திருக்கும். இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் கோடைக்கு ஒரு டயர், குளிருக்கு ஒரு டயர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அவர்கள் ஊரில் பனி விழுகிறது. எங்களுக்கு விழுவது நெல்லும் முள்ளும்தான். அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

கடைசியில் தஞ்சாவூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவரிடமே போனேன். ஐம்பது வயது மனிதர், பேச்சில் சிக்கனம். முப்பத்திரண்டு மில்லிமீட்டர் டயர் வேண்டும் என்றேன்.

"உங்க சைக்கிள்ல ஏறாது சார். பிரேக்ல இடிக்கும். இருபத்தெட்டுதான் கடைசி."

"வெயில்ல ஓட்டறதுக்கும் வருஷம் பூரா வேலைக்குப் போறதுக்கும் ஒரே டயர் போதுமா?"

"ரெண்டுக்கும் போறது நீங்க ஒருத்தர்தானே? காத்தைக் கொஞ்சம் கம்மியா வைங்க, போதும்."

வரி வரியாகக் கோடு போட்ட டயர் என்றால் வழுக்காமல் இருக்குமா என்று கேட்டேன். தார் ரோட்டில் கோடு பெரிதாக எதையும் பிடிக்காது, ரப்பரும் காற்றும்தான் பிடிக்கும் என்றார். முள் ஏறாமல் இருக்க உள்ளே பட்டை வைத்த ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். கனமாக இருந்தது. வீட்டில் அதை மாட்டிவிட்டு, பக்கவாட்டில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். லேசாக அமுங்கியது. அப்படித்தான் இருக்க வேண்டும். தினம் காலையில் கிளம்புமுன் அமுக்கிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

மழைக்காலம் முழுக்க அந்த டயர் ஒரு குறையும் வைக்கவில்லை. சம்பா அறுவடையில் நெல்லுக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கி ஏறினேன். இரண்டு முள்ளைப் பிடுங்கி எறிந்தேன், காற்று இறங்கவில்லை. மனைவி முகத்தில் அந்தப் பேச்சின் சுவடே இல்லை. நானும் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

கெடுத்தது ஞாயிற்றுக்கிழமை. வெயில் காலம் தொடங்கியதும் எங்களில் ஐந்து பேர் விடியற்காலையில் கிளம்பித் திருவிடைமருதூர் வரை போய், டீ குடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்புவோம். ஒரு பல் டாக்டர், இரண்டு கல்லூரி ஆசிரியர்கள், ஒரு வங்கிக்காரர், நான். மற்ற நான்கு பேருக்கும் மெலிந்த டயர். அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் அவர்கள் முதுகு சின்னதாகிவிடும். டீக்கடையில் எனக்கு வாங்கி வைத்த டீ ஆறியிருக்கும். "சார் டிராக்டர் டயர் போட்டிருக்காரு" என்று பல் டாக்டர் சொன்னார். சிரித்தேன். மூன்று வாரம் சிரித்தேன். நான்காவது வாரம் இருபத்தைந்து மில்லிமீட்டரில் ஒரு புது ஜோடிக்கு ஆர்டர் போட்டேன், அலுவலக முகவரிக்கு.

மனைவியிடம் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கே சமாதானம் வைத்திருந்தேன். கோடையில் ரோட்டில் நெல் கிடையாது. ஆற்றிலும் தண்ணீர் கிடையாது, மழையும் கிடையாது. ரோடு பாட்டுக்குக் காலியாகக் கிடக்கும். எதற்கு அவளை வீணாகக் கலவரப்படுத்துவது?

ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் சைக்கிளை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், படிக்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு டயர் மாற்றுவேன். ஞாயிறு மாலை மறுபடி இருபத்தெட்டு. கழற்றியதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழைய சாக்கில் சுற்றி வைப்பேன். கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்துவிட்டன. ஆனால் டீ சூடாகக் கிடைத்தது. பல் டாக்டரை ஒரு முறை முந்தினேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சந்தோஷம்தான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மாலை, வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். டயர் மாற்றவில்லை. ஒரு திங்கட்கிழமைதானே என்று மெலிந்த டயரிலேயே வேலைக்குக் கிளம்பினேன்.

பெரிய சாலையை விட்டு அலுவலகத்துக்குப் பிரியும் கிளைச்சாலையில், வளைவு திரும்பியதும், பாதி ரோட்டுக்கு உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். சம்பா அறுப்பதற்கு முன்னால் வயலில் தெளித்து விடுகிற உளுந்து. கோடையில் அதுதான் எங்கள் மாவட்டத்தின் விளைச்சல். காய்ந்த செடியை ரோட்டில் போட்டால் போகிற வண்டிகளே அடித்துக் கொடுத்துவிடும். இதையெல்லாம் நான் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவன் இல்லை. ஊர் ஊராக எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று எழுதிய அடங்கலைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. அந்த ஊருக்கான பக்கத்தில் உளுந்து, உளுந்து, உளுந்து என்று போன வாரம் நானே படித்து, டிக் போட்டிருந்தேன்.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது தானியம். சக்கரம் தானாக ஒதுங்கியது. செடியிலிருந்து தெறித்த மணிகளெல்லாம் உருண்டு போய்ச் சேர்ந்திருந்த இடமும் அந்த ஓரம்தான். கல் மாதிரி இறுகிய டயரின் அடியில் அவை உருண்டன. முன்சக்கரம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம்.

செடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் ஓடி வந்து பாட்டில் தண்ணீரை முழங்காலில் ஊற்றினார். உட்காரவைத்து, சைக்கிளையும் தூக்கி நிறுத்தினார்.

"ஏன் சார் ஒதுங்குனீங்க? மேல ஏத்திக்கிட்டுப் போறதுக்குத்தானே ரோட்டுல போட்டிருக்கு! பஸ்ஸே போவுது."

"தானியமாச்சேன்னு…" என்றேன்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "நல்ல ஆளு சார் நீங்க" என்று சொல்லிவிட்டுச் செடியைப் புரட்டப் போய்விட்டார்.

மாலையில் பஸ்ஸின் மேல் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. நாய் குறுக்கே வந்தது என்று சொல்லலாம். ஆட்டோக்காரன் ஒடித்தான் என்று சொல்லலாம். நாயும் ஆட்டோவும் சாட்சி சொல்ல வரப்போவதில்லை. கிழிந்த பேண்ட்டைப் பார்த்ததும், கதவைத் திறந்த மனைவியின் முகம் வெளுத்துப்போயிற்று. அந்த முகத்திடம் நாயைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"விழுந்துட்டேன்" என்றேன். "சொன்னபடி வித்துடறேன்."

"எந்த டயர்?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"மெலிசு" என்றேன்.

அவள் மாடிக்குப் போனாள். தொட்டிக்குப் பின்னால் இருந்த சாக்கை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். முதல் சனிக்கிழமையிலிருந்தே அவளுக்குத் தெரியும். சாத்திய கதவைத் திறக்காமல், நானாகச் சொல்வேன் என்று ஐந்து வாரம் காத்திருந்திருக்கிறாள்.

"மாட்டுங்க" என்றாள்.

முழங்காலை நீட்டி உட்கார்ந்து மாட்டினேன். முன்சக்கரம், பின்சக்கரம். இரண்டும் முடியும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். காற்றடித்து முடித்ததும் கிட்டே வந்து, பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். நான் தினம் காலையில் செய்வதை அப்படியே செய்தாள். பின்டயரில் அவள் விரல் வெகு நேரம் இருந்தது.

"என் தம்பி வண்டிய யாரும் இப்படி அமுக்கிப் பாக்கல" என்றாள்.

விற்பதைப் பற்றி அவள் பேசவில்லை. முழங்கால் ஆறி நான் மறுபடி கிளம்பிய அன்று காலை, எனக்கு முன்பே வாசலில் சைக்கிளின் பின்டயர்மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.