காலணிக்குள் நுழையாத கால்

வலக் கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்து அரித்தபோது கொசுக்கடி என்றே எண்ணினேன். பல்லடம் நாற்சந்தியில் பேருந்துகளை ஒழுங்குபடுத்தி நிற்கும் போக்குவரத்துக் காவலனுக்குக் குனிந்து தன் காலை நோக்க ஓய்வேது? சில திங்களில் அவ்விடம் வெடித்து நீர் கசிந்தது. காலுறையோடு தோலும் உரிந்து வந்த மாலையில்தான் மருத்துவமனைக்குச் சென்றேன்.

இளம் மருத்துவர் அதனைச் சுருள் சிரை (இதயத்துக்கு மேலேற வேண்டிய குருதி காலிலேயே தேங்கி, நாளங்கள் புடைத்து முறுகுதல்) என்றார். புண் அதன் விளைவு. அழுத்தக் கட்டு (பாதம் முதல் முழங்கால் வரை இறுக்கிச் சுற்றும் துணி) இட்டார்.

“எத்தனை நாளைக்குங்க?”

“புண்ணு ஆறுற வரைக்குமுங்க ஐயா. அதுவரைக்கும் பூட்ஸ் போட்றாதீங்க.”

திருவிழாப் பாதுகாப்புக்குப் பெயர்கள் ஒதுக்கப்படும் வாரத்தில் நோய்விடுப்புக் கேட்பவனை எங்கள் துறையில் எவரும் நோயாளியாகக் கருதுவதில்லை. என் விடுப்போ தேரோட்டத்தை ஒட்டியே அமைந்தது.

உடன் பணிபுரியும் தலைமைக் காவலர் தொலைபேசியில் அழைத்தார். “ஏனுங்ணா, தேரு வருதுன்னு உங்க காலுக்கு யாருங்க சொன்னது?” அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். என் முறையையும் சேர்த்து அவரே நிற்கிறார் என்பது பிறகு பேச்சில் தெரிந்தது. அருகிலிருந்த மனைவியின் முகத்தை ஏறிட்டு நோக்க இயலவில்லை.

தேரன்று கட்டை அவிழ்த்துக் காலணியைத் திணித்தேன்.

“அந்தக் காலு உங்களுதுங்களா, ஸ்டேசனுதுங்களா?” என்றாள் மனைவி.

தொப்பியை எடுத்துக்கொண்டு சென்றேன். தேர் நிலை சேருமுன் காலணிக்குள் ஈரம் நிறைந்தது. நின்றவாறே சரிந்தேன். என்னைத் தாங்கி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இரு காவலர் தம் இடத்தை விட்டு வரவேண்டியதாயிற்று. உதவச் சென்றவன் செய்த உதவி அதுதான்.

புண் முன்னிலும் அகன்றிருந்தது. “யாரு கூப்பிட்டாங்கன்னு போனீங்க?” என்று மட்டும் மருத்துவர் வினவினார். எவரும் அழைக்கவில்லை. சீருடையில் இருந்துகொண்டு இதை வாசிப்போரே, கேலிக்கு அஞ்சிக் கட்டை அவிழ்க்காதீர்கள்.

இப்போது இலகு பணி. காலணியின்றிச் சீருடை அணிவது முறையன்று. எனவே வேட்டி சட்டையோடு நிலையத்தில் இருக்கிறேன். ஓய்வு பெறுமுன் மீண்டும் காக்கி அணிவேனா என்பதற்கு மருத்துவர் உறுதி கூறவில்லை.

மேசைக்கடியில் கால் நீட்ட இடமின்மையால், அண்மையில் ஒருநாள் மனுதாரர் அமரும் நீளிருக்கையில் அமர்ந்திருந்தேன். கைப்பேசியைப் பறிகொடுத்த பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர், தென்மாவட்டத்துப் பெண், அருகில் வந்தமர்ந்தார்.

“நீங்க என்னத்தத் தொலைச்சிய?”

காவலன் என்னும் சொல் நாவில் எழவில்லை. “கால் சரியில்லம்மா” என்றேன்.

“இப்படி வீங்கிக் கெடக்கே! நீட்டி வைங்க. நான் தள்ளி உக்காருதேன்.”

நீட்டினேன். கணுக்காலில் தேங்கிய கனம் மெல்ல, மிக மெல்ல மேலேறத் தொடங்கியது. அவ்வேளையில் ஆய்வாளரின் ஊர்தி வாயிலில் வந்து நின்றது, அனைவரும் எழுந்தனர். என் முகம் எரிந்தது. குருதி இன்னும் முழங்காலை எட்டவில்லை. காலை மடக்காமலே இருந்தேன்.